வைட் ஆங்கிள் ஐபீஸ்களை ஒப்பிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஐபீஸ், அதாவது டெலஸ்கோப்பில் நாம் கண் வைத்துப் பார்க்கும் வில்லைத் தொகுதி, வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது அதன் உடலில் அச்சிட்டிருக்கும் பாகை எண்ணைத்தான். 68, 82, 100 என்று எண் ஏற ஏற விலையும் ஏறும். ஆனால் அந்த எண், கண்ணுக்கு முன் தெரியும் வட்டம் எவ்வளவு பெரியது என்பதை மட்டுமே சொல்கிறது. வட்டத்துக்குள் எவ்வளவு வானம் அடங்கும் என்பது ஐபீஸின் உள்ளே இருக்கும் ஃபீல்டு ஸ்டாப் என்ற வளையத்தைப் பொறுத்தது. வட்டத்தின் ஓரத்தில் நட்சத்திரம் புள்ளியாக நிற்குமா, சிறகு விரிக்குமா என்பது பெரும்பாலும் உங்கள் டெலஸ்கோப்பின் எஃப் எண்ணை, அதாவது குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்து வரும் எண்ணை, பொறுத்தது. அதனால் ஒருவர் "அற்புதம்" என்று சொன்ன ஐபீஸ் இன்னொருவர் கையில் ஏமாற்றுவதில் வியப்பில்லை. இருவர் சொல்வதும் அவரவர் டெலஸ்கோப்பில் உண்மையாகவே இருக்கும்.

இந்த வழிகாட்டியில் உதாரணக் கணக்கு எல்லாம் 200 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத் தூரம், அதாவது எஃப்/6 டாப்சோனியனுக்கு (கையால் தள்ளித் திருப்பும் எளிய தாங்கியில் அமர்ந்த கண்ணாடி டெலஸ்கோப்) போட்டது. உங்களுடையது வேறாக இருந்தால் 1200 என்ற எண்ணையும் எஃப் எண்ணையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கணக்கு: மூன்று சூத்திரம் போதும்

உருப்பெருக்கம் = டெலஸ்கோப் குவியத் தூரம் ÷ ஐபீஸ் குவியத் தூரம்.

எக்ஸிட் பியூப்பில், அதாவது ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் = ஐபீஸ் குவியத் தூரம் ÷ எஃப் எண்.

உண்மைப் புலம், அதாவது வட்டத்துக்குள் அடங்கும் வானத்தின் அகலம் (பாகையில்) = ஃபீல்டு ஸ்டாப் விட்டம் ÷ டெலஸ்கோப் குவியத் தூரம் × 57.3.

பலர் மூன்றாவதை விட்டுவிட்டு, தோற்றப் புலத்தை (ஐபீஸில் அச்சிட்ட பாகையை) உருப்பெருக்கத்தால் வகுத்து உண்மைப் புலத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அகலமான ஐபீஸ்களில் உருச்சிதைவு இருப்பதால் இந்தக் குறுக்குவழி சற்றுக் கூட்டிக் காட்டும். டெலிவியூ நிறுவனம் தன் எல்லா ஐபீஸ்களுக்கும் ஃபீல்டு ஸ்டாப் அளவை வெளியிடுவதால் அவற்றை வைத்தே பார்க்கலாம் (பிளாசல் சாதாரண வகை, மற்றவை வைட் ஆங்கிள்):

பிளாசல் 32 மி.மீ. (50°): ஸ்டாப் 27.0 மி.மீ., 37.5×, புலம் 1.29°, எக்ஸிட் பியூப்பில் 5.3 மி.மீ.
பனாப்டிக் 24 மி.மீ. (68°): ஸ்டாப் 27.0 மி.மீ., 50×, புலம் 1.29°, 4.0 மி.மீ.
நாக்லர் 31 மி.மீ. (82°): ஸ்டாப் 42.0 மி.மீ., 39×, புலம் 2.0°, 5.2 மி.மீ.
நாக்லர் 13 மி.மீ. (82°): ஸ்டாப் 17.6 மி.மீ., 92×, புலம் 0.84°, 2.2 மி.மீ.
ஈதோஸ் 13 மி.மீ. (100°): ஸ்டாப் 22.3 மி.மீ., 92×, புலம் 1.06°, 2.2 மி.மீ.

முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிளாசல் 32, பனாப்டிக் 24 இரண்டுக்கும் ஸ்டாப் ஒன்றே. காட்டும் வானமும் ஒன்றே. அப்படியென்றால் ஏன் பல மடங்கு விலை கொடுக்க வேண்டும்? எக்ஸிட் பியூப்பில் 5.3-லிருந்து 4.0 ஆகக் குறைகிறது. வானப் பின்னணியின் பிரகாசம் அதன் வர்க்கத்தோடு இறங்கும்: (4.0 ÷ 5.33)² என்றால் சுமார் 0.56. அதே 1.29° வானத்தில் பின்னணி வெளிச்சம் ஏறக்குறைய பாதி ஆகிறது, நட்சத்திரக் கொத்துகள் பெரிதாகவும் பிரிந்தும் தெரிகின்றன. ஊர் வெளிச்சம் ஏறிய மொட்டை மாடியில் நின்று பார்ப்பவருக்கு வைட் ஆங்கிளின் முதல் லாபம் இதுதான். "விண்வெளியில் மிதப்பது போல இருக்கும்" என்ற விளம்பர வாசகமெல்லாம் அதற்கு அப்புறம்.

இரண்டாவது லாபம், மோட்டார் இல்லாத டாப்சோனியனில். 7 மி.மீ. ஐபீஸில் 171×. பிளாசல் என்றால் புலம் சுமார் 0.29°, சனி ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற 70 வினாடி. நாக்லர் 7 மி.மீ. (ஸ்டாப் 9.7) என்றால் 111 வினாடி. டெலஸ்கோப்பைத் தள்ளியபின் அதிர்வு அடங்கவே சில வினாடி போய்விடும் என்பதால் இந்தக் கூடுதல் நேரம் பொன். கிரகத்துக்குப் புலம் எதற்கு என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மோட்டார் வைத்திருப்பவர்கள்.

குழாய் விட்டம் போடும் எல்லை

1.25 அங்குலக் குழாயின் வெளி விட்டம் 31.75 மி.மீ. சுவர்த் தடிமன், ஃபில்டர் மரை எல்லாம் போக, அதற்குள் அடங்கும் ஸ்டாப் அதிகபட்சம் 27 மி.மீ. அளவுதான். 2 அங்குலத்தில் இந்த எல்லை சுமார் 46 மி.மீ. இதை மனதில் வைத்தால் பாதி விளம்பரங்களைப் படிக்கும்போதே எடை போட்டுவிடலாம். 1.25 அங்குலத்தில் 68° வேண்டுமென்றால் 24 மி.மீ. வரைதான் போக முடியும். 82° என்றால் 18 மி.மீ. வாக்கில் எல்லை முடிகிறது. 1.25 அங்குலக் குழாயில் 40 மி.மீ., 70° என்று யாராவது விற்றால் அந்த 70-ஐ நம்ப வேண்டாம். அந்தக் குழாயில் 40 மி.மீ. பிளாசலுக்கே 43° அளவுதான் கிடைக்கும்.

டெலஸ்கோப்பும் தன் பங்குக்கு ஓர் எல்லை வைத்திருக்கும். சிறிய மாக்சுடோவ் (வில்லையும் கண்ணாடியும் சேர்ந்த குட்டைக் குழாய்) டெலஸ்கோப்புகளில் பின்புற ஒளி வழியே குறுகலானது. 2 அங்குல டயகனல் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் கண்ணாடி) மாட்டி 40 மி.மீ. ஸ்டாப் ஐபீஸைப் போட்டால் வட்டம் பெரிதாகத் தெரியும், ஆனால் ஓரம் இருண்டிருக்கும்.

பகலில், வீட்டுக்குள் செய்ய வேண்டிய சோதனை

அச்சிட்ட பாகை உண்மையா என்று பார்க்க ஒரு கைபேசி, ஓர் அட்டை, ஓர் அளவுகோல் போதும். அட்டையில் ஐபீஸ் குழாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளை போட்டு அதில் ஐபீஸைச் செருகுங்கள். அறையை இருட்டாக்குங்கள். குழாய்ப் பக்கத்திலிருந்து சுமார் 1 மீட்டர் தள்ளி, நேர்கோட்டில் கைபேசி டார்ச்சை எரியவிடுங்கள். கண் வைக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் அதில் கூர்மையான விளிம்புள்ள ஒளி வட்டம் விழும். அட்டை இல்லாவிட்டால் டார்ச் வெளிச்சம் நேரடியாகத் தாளில் பட்டு வட்டம் தெரியாமல் போகும். அட்டைக்கு வேலை அதுதான்.

தாளை ஓரிடத்தில் வைத்து வட்டத்தின் விட்டத்தை அளந்து, பிறகு சரியாக 100 மி.மீ. பின்னால் நகர்த்தி மறுபடி அளக்கவும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் விடை. 60° ஐபீஸில் விட்டம் 115 மி.மீ. கூடும், 68° என்றால் 135, 82° என்றால் 174, 100° என்றால் 238. ஒரே ஒரு தூரத்தில் அளந்தால், ஒளிக்கற்றைகள் எந்தப் புள்ளியிலிருந்து விரிகின்றன என்று தெரியாததால் கணக்கு தவறும். இரண்டு இடத்தில் அளந்து கழிப்பதால் அந்தப் பிழை தானே விழுந்துவிடும்.

அதே அமைப்பில் இன்னொன்றையும் அளந்துவிடலாம். தாளை ஐபீஸுக்கு மெல்ல நெருக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் வட்டம் சுருங்கி மிகச்சிறிய ஒளிப்பொட்டாகும். எக்ஸிட் பியூப்பில் அங்கேதான் இருக்கிறது. ரப்பர் வளையத்தை மடக்கிவிட்டு, அதன் விளிம்பிலிருந்து அந்தப் பொட்டு வரை உள்ள தூரத்தை அளந்தால் உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் ஐ ரிலீஃப் (முழு வட்டமும் தெரியக் கண் நிற்க வேண்டிய தூரம்) தெரியும். விவரப் பட்டியலில் போடும் எண்ணை வில்லையின் மேற்பரப்பிலிருந்து அளப்பதே வழக்கம். வில்லை குழிக்குள் ஆழமாக இருந்தால், பட்டியலில் 20 மி.மீ. என்று இருப்பது கையில் 14 மி.மீ. ஆகிவிடலாம். கண்ணாடி போட்டுக்கொண்டே பார்ப்பவர்களுக்கு, கையில் 17 மி.மீ. ஆவது கிடைத்தால்தான் முழு வட்டமும் தெரியும்.

கண்ணாடி அவசியமா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் ஃபோகஸரே சரிசெய்துவிடும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். சிலிண்டர் பவர் இருப்பவருக்கு மட்டும் ஃபோகஸர் உதவாது. அவர்களுக்கும், எக்ஸிட் பியூப்பில் 2 மி.மீ.க்குக் கீழே போனால் கண்ணின் குறை பெரும்பாலும் தெரியாது. எனவே உதாரண டெலஸ்கோப்பில் 24 மி.மீ. ஐபீஸுக்கு நீண்ட ஐ ரிலீஃப் தேவைப்படும், 8 மி.மீ. ஐபீஸுக்குத் தேவைப்படாமல் போகலாம். பணத்தை எதில் போடுவது என்று இதை வைத்து முடிவெடுக்கலாம்.

பகலில் டெலஸ்கோப்பில் மாட்டிப் பார்ப்பதாக இருந்தால் சூரியன் இருக்கும் திசையிலிருந்து நன்றாக விலகி நில்லுங்கள். மின்கம்பம் ஒன்றை வட்டத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனால் அது வில்லாக வளையும்; வைட் ஆங்கிளில் இது இயல்பு. நட்சத்திரம் பார்ப்பதற்கு இந்த வளைவால் கெடுதல் இல்லை. பகலில் கண்மணி சுருங்கியிருப்பதால் வட்டத்துக்குள் கருநிழல் வந்து வந்து போகும். அதை வைத்து ஐபீஸைக் குறை சொல்லக் கூடாது. அந்தத் தீர்ப்பை இரவில்தான் எழுத வேண்டும்.

இரவுச் சோதனைக்கு முன்

டெலஸ்கோப்பை வெளியே வைத்து முக்கால் மணி நேரமாவது ஆறவிடுங்கள். காலிமேஷனை (கண்ணாடிகள் ஒரே அச்சில் நிற்கின்றனவா என்பதை) சரிபாருங்கள். காலிமேஷன் தவறியிருந்தால் ஓரத்தில் நட்சத்திரத்துக்கு வால் முளைக்கவைக்கும் கோமா என்ற பிழையின் மையம் ஒரு பக்கம் தள்ளிப்போய், நல்ல ஐபீஸ்கூட ஒரு பக்கம் மட்டும் மோசமாகத் தெரியும். ஒப்பிடும் இரண்டும் ஏறத்தாழ ஒரே குவியத் தூரமாக இருக்க வேண்டும். 13-க்கு 14 சரி. 24-க்கு 30 சரியில்லை. உருப்பெருக்கம் கூடியதில் வானம் கருக்கும், கண்ணுக்கு அதுவே "கான்ட்ராஸ்ட் அதிகம்" என்று தோன்றி ஏமாற்றும்.

நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வான நடுக்கோட்டை ஒட்டிய நட்சத்திரங்கள் நமக்கு ஏறத்தாழ தலைக்கு மேலேயே கடக்கின்றன. ஓரியன் இடுப்புப் பட்டையின் மூன்று நட்சத்திரங்களில் முதலில் உதிக்கும் மிண்டாகா நடுக்கோட்டுக்குக் கால் பாகை சொச்சம் தெற்கே இருக்கிறது. கோடையில் கன்னி ராசியின் போரிமா, ஆவணி புரட்டாசியில் திருவோணம் (திருவோணம் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகியிருப்பதால், அடுத்து வரும் கடிகாரச் சோதனையில் அதற்குக் கிடைத்த நேரத்தை 0.988-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்). அடிவானத்தை ஒட்டிய நட்சத்திரத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்: காற்று மண்டலமே ஒளியைச் சிவப்பு, நீலமாகப் பிரித்துக் காட்டும், பழி ஐபீஸ் மேல் விழும். நேர் உச்சியிலும் வேண்டாம். அங்கே டாப்சோனியனைத் திருப்புவது பெரும்பாடு. உச்சிக்கு வர இரண்டு மணி நேரம் இருக்கும்போது மிண்டாகா 58° உயரத்தில் நிற்கும். அதுவே சரியான வேளை.

கடிகாரமே அளவுகோல்

நட்சத்திரத்தை வட்டத்தின் கிழக்கு விளிம்புக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கையை எடுங்கள். அது உள்ளே நுழையும் கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தி, மறு விளிம்பில் மறையும்போது நிறுத்துங்கள். பாதை வட்டத்தின் நடுவழியாகப் போக வேண்டும். மேலேயோ கீழேயோ வெட்டிப் போனால் நேரம் குறைந்துவிடும். நாலைந்து தடவை எடுத்து, அதிகமாக வந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

நடுக்கோட்டு நட்சத்திரம் ஒரு வினாடிக்கு 15.04 விகலை (ஒரு பாகைக்கு 3600 விகலை) நகர்கிறது. வினாடிகளை 15.04-ஆல் பெருக்கி 3600-ஆல் வகுத்தால் உண்மைப் புலம். பனாப்டிக் 24-க்கு 5 நிமிடம் 9 வினாடி வர வேண்டும். நாக்லர் 13-க்கு 3 நிமிடம் 21 வினாடி. ஈதோஸ் 13-க்கு 4 நிமிடம் 15 வினாடி. இதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் ஃபீல்டு ஸ்டாப்பும் கிடைக்கும்: புலம் × 1200 ÷ 57.3. பிளாசலில் ஸ்டாப் வில்லைகளுக்கு முன்னால் இருப்பதால் வெர்னியர் வைத்தே அளந்துவிடலாம். நாக்லர், ஈதோஸ் வகைகளில் அது வில்லைகளுக்கு நடுவே உள்ளே இருக்கிறது. கருவியை நுழைக்க வழியில்லை, கடிகாரம்தான் வழி. எல்லா ஐபீஸிலும் ஒரே விகிதத்தில் நேரம் கூடவோ குறையவோ செய்தால் உங்கள் டெலஸ்கோப் கண்ணாடியின் குவியத் தூரம் சரியாக 1200 இல்லை என்று பொருள். ஒன்றிரண்டு சதவீத வேறுபாடு சகஜம்.

இனி ஓரத்துக்கு வருவோம். நட்சத்திரத்தை நட்ட நடுவில் நிறுத்தி, ஊசி முனையாக ஃபோகஸ் செய்து, கையை எடுத்துவிட்டுக் கடிகாரத்தை ஓடவிடுங்கள். நட்சத்திரம் உப்பத் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறையும் வரை பாருங்கள். 24 மி.மீ. ஐபீஸில் நடுவிலிருந்து விளிம்புக்கு 154 வினாடி. 100-ஆவது வினாடியில் உப்பினால் ஆரத்தில் 65 சதவீதம் கூர்மை. பரப்பளவில் பார்த்தால் அது 42 சதவீதம்தான், ஏனென்றால் வட்டத்தின் பெரும்பகுதி ஓரத்தில்தான் இருக்கிறது. இந்த ஓர் எண்ணை எல்லா ஐபீஸுக்கும் எழுதி வைத்தால் "ஓரம் பரவாயில்லை", "ஓரம் மோசம்" போன்ற பேச்சுக்கு வேலை இருக்காது. ஆரத்தில் 70 சதவீதம் மட்டும் கூர்மையான 100° ஐபீஸும் ஓரம் வரை கூர்மையான 68° ஐபீஸும் கிட்டத்தட்ட ஒரே அளவு நல்ல வானத்தைத்தான் தருகின்றன.

ஓரம் கெட்டால் யார் மேல் குற்றம்?

ஒப்பீடுகள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். உப்பிய நட்சத்திரத்தை ஓரத்திலேயே வைத்துக்கொண்டு ஃபோகஸரை மெல்ல இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

மறுபடி புள்ளியாகக் கூடினால் அது புல வளைவு. நடுவும் ஓரமும் வெவ்வேறு தளத்தில் குவிகின்றன, அவ்வளவுதான். இளம் கண்கள் தாமாகவே இதை ஈடுகட்டிவிடும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குத்தான் தொந்தரவு. தகப்பனும் மகளும் ஒரே ஐபீஸைப் பார்த்து வேறு வேறு தீர்ப்புச் சொன்னால் இருவர் கண்ணிலும் கோளாறு இல்லை.

ஃபோகஸுக்கு உள்ளே ஒரு கோடாகவும், வெளியே அதற்குச் செங்குத்தான கோடாகவும் மாறி, நடுவில் சிலுவைபோல நின்றால் அது அஸ்டிக்மாட்டிசம். ஐபீஸின் குறை பெரும்பாலும் இதுதான். ஆனால் தலையைச் சாய்த்துப் பாருங்கள்: கோடும் கூடவே சாய்ந்தால் குறை உங்கள் கண்ணில்.

வால்நட்சத்திரம்போல, கூர்முனை நடுவை நோக்கியும் வால் வெளியேயும் விரிந்து, எப்படித் திருப்பினாலும் புள்ளியாகாவிட்டால் அது கோமா. இது நியூட்டோனியன் (டாப்சோனியனும் இந்த வகைதான்) டெலஸ்கோப் கண்ணாடியின் சொத்து. எத்தனை விலையுள்ள ஐபீஸ் போட்டாலும் போகாது. சொல்லப்போனால் நல்ல ஐபீஸில்தான் கோமா தெளிவாகத் தெரியும். ஒரே ஸ்டாப் விளிம்பில் எஃப்/6-ஐவிட எஃப்/4-இல் கோமா 2.25 மடங்கு. எஃப்/6-இல் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. எஃப்/5-இல் கண்ணில் படும். எஃப்/4-இல் பாராகார் போன்ற கோமா கரெக்டர் இல்லாமல் 2 அங்குல வைட் ஆங்கிளில் பணம் போடுவதில் அர்த்தமில்லை. பாராகார் போட்டால் குவியத் தூரம் 1.15 மடங்கு ஆகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நட்சத்திரம் ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் நீலமாக இழுபட்டால் அது பக்கவாட்டு நிறப்பிழை. நிலாவின் விளிம்பை வட்டத்தின் ஓரத்தில் வைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஒரு பக்க ஓரம் மட்டும் மோசமாக இருந்தால், ஐபீஸைக் குழாயிலேயே அரைச் சுற்றுத் திருப்புங்கள். கெட்ட பக்கமும் கூடவே திரும்பினால் ஐபீஸில் வில்லை நகர்ந்திருக்கிறது, திருப்பி அனுப்புங்கள். கெட்ட பக்கம் அதே இடத்தில் நின்றால் ஃபோகஸர் சாய்ந்திருக்கிறது, அல்லது காலிமேஷன் போதவில்லை. குழாயில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் திருகு சிக்கி ஐபீஸ் சற்றுச் சாய்ந்தே நிற்பதும் உண்டு.

எஃப் எண்ணின் வேலையைக் கண்ணாலேயே பார்க்க ஒரு 2× பார்லோ (ஐபீஸுக்கு முன் மாட்டி உருப்பெருக்கத்தை இரட்டிக்கும் வில்லை) போதும். அதே ஐபீஸைப் பார்லோவில் போட்டால் அதற்குள் நுழையும் ஒளிக்கூம்பு எஃப்/6-லிருந்து எஃப்/12 ஆகிறது; அஸ்டிக்மாட்டிசத்தின் இழுப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். எஃப்/12 மாக்சுடோவ் வைத்திருப்பவர் மலிவான 66° ஐபீஸை மெச்சுவதும், எஃப்/5 வைத்திருப்பவர் அதையே திட்டுவதும் இதனால்தான். டெலிவியூ நிறுவனர் அல் நாக்லர் 1980-இல் கொண்டுவந்த வடிவமைப்பின் சூட்சுமமும் இதை ஒட்டியதே: குழாயின் அடியில் எதிர்க்குவிய வில்லைத் தொகுதி ஒன்றை வைத்து, ஒளிக்கூம்பைச் சாந்தப்படுத்தி, அதன்பிறகு மேலே உள்ள வில்லைகளுக்கு அனுப்புவது. அதற்கு முன் அகலப் புலம் என்றால் முதல் உலகப் போர்க் காலத்தில் ஹைன்ரிக் எர்ஃபிளே வடிவமைத்த வகைதான். இன்றும் மலிவான 2 அங்குல 70° ஐபீஸ்களில் பல அதன் வாரிசுகள்தான். 2007-இல் வந்த ஈதோஸ் 100°-க்குப் போனது.

கண்ணுக்குச் சுகம்

கூர்மையில் தேறிய ஐபீஸ் சுகத்தில் தோற்கலாம். கண்ணை லேசாக நகர்த்தியதும் அவரைவிதை வடிவில் கருநிழல் வந்தால், எக்ஸிட் பியூப்பில் ஓரத்துக்கும் நடுவுக்கும் ஒரே தூரத்தில் அமையவில்லை என்று பொருள். சிலருக்கு இது பத்து நிமிடத்தில் பழகிவிடும், சிலருக்குப் பழகவே பழகாது. இதை விமர்சனம் படித்து முடிவு செய்ய முடியாது. உங்கள் கண்ணை வைத்தே பார்க்க வேண்டும்.

100° வட்டத்தை ஒரே பார்வையில் கொள்ள முடியாது. விழியை உருட்டினால்தான் ஓரம் தெரியும். சிலருக்கு அதுவே பேரானந்தம். கிரகத்தையோ ஒரு சிறிய கேலக்ஸியையோ உற்றுப் பார்ப்பவருக்கு 70° வகைகளே நிம்மதி: பென்டாக்ஸ் எக்ஸ்டபிள்யூ (70°), டெலோஸ் (72°), பாடர் மார்ஃபியஸ் (76°) ஆகியவை இந்த ரகம். முதல் இரண்டிலும் ஐ ரிலீஃப் 20 மி.மீ. கண்ணாடி போட்டவர் 100°-இல் பணத்தைக் கொட்டுவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

நிலாவை வட்டத்துக்குச் சற்று வெளியே நிறுத்திப் பாருங்கள். உள்ளே பிறைபோல வெளிச்சம் கசிந்தால் குழாயின் உட்பக்கம் சரியாகக் கருப்படிக்கப்படவில்லை. வியாழனை நடுவில் வைத்து, டெலஸ்கோப்பை லேசாகத் தள்ளினால் எதிர்த் திசையில் ஒரு மங்கிய உருண்டை ஓடுகிறதா என்று பாருங்கள். அது வில்லைகளுக்கிடையே பட்டுத் திரும்பும் பிரதிபலிப்பு.

மங்கிய நட்சத்திரம் எதில் அதிகம் தெரிகிறது என்ற ஒப்பீட்டுக்கு மட்டும் அதிகம் மெனக்கெட வேண்டாம். இன்றைய பல்லடுக்குப் பூச்சு உள்ள நல்ல ஐபீஸ்களுக்கிடையே ஒளி கடத்துவதில் உள்ள வேறுபாட்டைவிட, இருபது நிமிடத்தில் நம் வானத்தின் தெளிவு மாறும் அளவு பெரிது.

எடை, ஃபோகஸ்

நாக்லர் 31, ஈதோஸ் 21 இரண்டும் தலா ஒரு கிலோ அளவு. 13 மி.மீ. நாக்லர் 200 கிராமுக்குள் அடங்கும்; 13 மி.மீ. ஈதோஸ் அரைக் கிலோவுக்கு மேல். இலகுவான ஐபீஸை எடுத்துவிட்டுக் கனமானதைப் போட்டதும் டாப்சோனியனின் மூக்கு தொங்கிவிடும், பார்த்துக்கொண்டிருந்தது ஓடிவிடும். குழாயின் கீழ்முனையில் காந்த எடை ஒட்டுவது எளிய தீர்வு. இரும்புத் தகட்டுக் குழாயாக இருந்தால்தான் ஒட்டும். வாங்குவதற்கு முன்பே, ஒரு தண்ணீர் பாட்டிலில் ஒரு கிலோ நிரப்பி ஃபோகஸர் பக்கம் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால் உங்கள் டெலஸ்கோப் தாங்குமா என்று தெரிந்துவிடும்.

ஃபோகஸ் நிலையும் ஐபீஸுக்கு ஐபீஸ் வேறுபடும். சில வைட் ஆங்கிள்களுக்கு ஃபோகஸர் வழக்கத்தைவிட உள்ளே போக வேண்டியிருக்கும். குழாய் முழுதும் உள்ளே போயும் நட்சத்திரம் கூடவில்லையென்றால் 2 அங்குல அடாப்டரை உயரம் குறைந்ததாக மாற்ற வேண்டியிருக்கும்.

எந்த டெலஸ்கோப்புக்கு எது

எஃப்/10, எஃப்/12 வைத்திருப்பவர்கள்: மலிவான 66°, 68° வகைகளே போதும். நீளமான குவியத் தூரத்தால் புலம்தான் குறைவு, ஆகவே 1.25 அங்குலத்தின் 27 மி.மீ. எல்லையை முழுதும் பயன்படுத்தும் ஒரு 24 மி.மீ. 68° முதலில்.

எஃப்/6 டாப்சோனியன்: 24 மி.மீ. 68°, 14 மி.மீ. 82°, 8.8 மி.மீ. 82° என்ற எக்ஸ்ப்ளோர் சயின்டிஃபிக் வரிசை 50×, 86×, 136× தருகிறது, மூன்றும் 1.25 அங்குலம். இதன்மேல் கார்த்திகைக் கூட்டம் சுற்றிலும் இடம் விட்டு அடங்க வேண்டுமென்றால் 30 மி.மீ. அல்ட்ரா ஃப்ளாட் ஃபீல்டு 70° ஒன்று. 82° பெரிய ஐபீஸைவிட எடையிலும் விலையிலும் இறக்கம், ஓரமும் நன்றாக நிற்கும். இதற்கே எக்ஸிட் பியூப்பில் 5 மி.மீ. வந்துவிடுகிறது. வயது ஏற ஏறக் கண்மணி விரிவது குறைவதால், ஐம்பதைத் தாண்டியவர்கள் இதற்குமேல் போனால் டெலஸ்கோப் திரட்டிய ஒளியில் ஒரு பங்கு கண்மணிக்கு வெளியே வீணாகலாம்.

எஃப்/5: மலிவு 66° வரிசையில் 6, 9 மி.மீ. தேறும், 15, 20 மி.மீ. ஓரம் தேறாது. இங்கே ஒரே ஒரு ஐபீஸ் வாங்கினாலும் நல்லதாக வாங்குங்கள், அதுவும் குறைந்த உருப்பெருக்கத்துக்கு.

பழையது வாங்கும்போது, வாங்கியதைக் காக்கும்போது

வைட் ஆங்கிளில் 6 முதல் 9 வில்லைகள் இருப்பதால், உள்ளே பூஞ்சை பிடித்தால் கழற்றிச் சுத்தம் செய்வது சாமானிய வேலையில்லை. பழையதை வாங்கும்போது குழாய்ப் பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, கண் பக்கத்தில் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல நூல் நூலாகத் தெரிந்தால் வேண்டாம். தூசி நாலைந்து புள்ளி இருந்தால் கவலையில்லை.

கடலோர ஊர்களில் இந்தப் பயம் இரட்டிப்பு. ஏசி அறையிலிருந்து எடுத்த ஐபீஸை அப்படியே வெளியே திறந்தால் கண்ணாடியில் நீர் பூக்கும். மூடிய பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறக்கவும். பனியில் நனைந்ததை மூடி போட்டுப் பெட்டியில் வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து. இரவு முடிந்ததும் மூடியில்லாமல் அறைக்குள் உலரவிட்டு, காலையில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைக்கவும். ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடலாம்.

பொதுமக்களுக்கு வானம் காட்டும் இரவுகளில் கண் வில்லையில் சேர்வது தூசியல்ல. கண்மையும் இமை எண்ணெயும். அதை உடனே துணியால் தேய்க்கக் கூடாது. முதலில் ஊதுகுமிழால் மணல்துகளைப் போக்கி, பிறகு லென்ஸ் திரவத்தைப் பஞ்சில் தொட்டு (வில்லை மேல் நேராக ஊற்றினால் விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிடும்) நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றி எடுக்க வேண்டும். ஒரு பஞ்சு ஒரு சுற்றுக்கு மட்டுமே. கூட்டம் வரும் நாளில் வரிசையின் முன்னால் 32 மி.மீ. பிளாசலை மாட்டிவிட்டு, நல்லதைப் பெட்டியில் வைத்திருப்பது இன்னும் உத்தமம்.